இறந்துபோன வெள்ளை அணுக்களின் கடன்

நான் ஏழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம் கடன்பட்டிருந்தேன். கடன் என்று சொன்னவர்களிடமிருந்து நான் ஒரு சதமும் வாங்கியதில்லை. அவர்கள்தான் என்னிடமிருந்து ஒரு சிறு குழாய் இரத்தம் வாங்கினார்கள். அப்படி வாங்கியதில் அவர்களுக்கு ஏற்பட்ட செலவுதான் என்னுடைய கடன் என்று விளக்கினார்கள். விளக்கும்போது விளங்கும். வெளியே வந்து சைக்கிளில் ஏறினால் விளங்காது.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து நாங்கள் மன்னாருக்குத் திரும்பி வந்து இரண்டாவது வருடம் அது. நான், மனுசி மதலேனா, முகாமில் பிறந்த மகள் டினோஜா. தாராபுரத்துக்குக் கிட்ட எங்கள் காணி இருந்தது. காணியில் கிணறு மட்டும் இருந்தது. வீட்டுத் திட்டத்தில் அத்திவாரத்துக்கு ஒரு காசும் சுவருக்கு ஒரு காசும் வந்தன. விடிய மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு வந்து, மேசனுக்குக் கையாளாக நானே நின்று நான்கு சுவரையும் எழுப்பினோம். காசு போதாத இடத்தில் சீமெந்துக்குப் பதிலாக மணல் கூடுதலாகப் போட்டோம். மாரி மழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் சுவர் நிற்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று மேசன் சொல்லியிருந்தான். கூரைக் காசு வரவில்லை. சுவருக்கு மேலே தறப்பாள் கட்டியிருந்தோம்.

விசாரித்தபோது, அந்த வருடம் கூரைக் காசு புதிதாக வந்த ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது என்றார்கள். அதன் பெயர் 'மீள்குடியேறியோர் கல அனுசேப மற்றும் பரம்பரை அலகு ஒழுங்காக்க ஒருங்கிணைந்த ஆய்வு நிலையம்'. நான் எழுத்துப் படித்தது முப்பத்தெட்டாம் வயதில், டினோஜாவின் முதலாம் வகுப்புப் புத்தகத்தில். ஆகையால் பெயர்ப்பலகையை வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பலகை கட்டடத்தை விட நீளம். 'நிலையம்' என்ற சொல் பக்கத்துச் சைக்கிள் கடையின் சுவரில் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகச் சைக்கிள் கடைக்காரருக்கு மாதாமாதம் வாடகை கொடுத்தார்கள்.

முகாமில் செல் என்றும் மரபணு என்றும் சொன்னவற்றை இங்கே கலம் என்றும் பரம்பரை அலகு என்றும் சொல்கிறார்கள். அனுசேபம் என்றால் என்ன என்பதைத் திறப்பு விழாவில் பணிப்பாளர் கலாநிதி அமிர்தநாயகம் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். பந்தலுக்குள் எங்களை இருத்தியிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே இரண்டு கழுதைகள் நின்றன.

"அன்பான மீள்குடியேறிய மக்களே," என்றார். "நீங்கள் சாப்பிடும் சாப்பாடு வயிற்றோடு நின்றுவிடுவதில்லை. அது கலத்துக்குள் எரிகிறது. அந்த எரிதலுக்குப் பெயர்தான் அனுசேபம். எரிந்த துணுக்குகள் கலத்தின் கருவுக்குள் போய், எந்தப் பரம்பரை அலகு விழித்திருக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்று சொல்கின்றன. இருபது வருடப் பட்டினி உங்கள் கருக்களில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்து இந்த நாட்டின் சொத்து. சிலர் என்னிடம் வந்து, ஐயா, முதலில் அரிசி தாருங்கள் என்கிறார்கள். அரிசி தந்தால் எழுத்து மாறிவிடும். நாங்கள் பட்டினியை ஒழிக்க வந்த நிறுவனம் அல்ல. பட்டினியை அது இருக்கும் நிலையிலேயே பேணிக் காக்க வந்த நிறுவனம். அது ஒழிந்துபோனால் நாங்கள் எதை அளப்பது?"

நாங்கள் கை தட்டினோம். பிறகு மேடையில் இருந்தவர்களுக்குக் கட்லெட்டும் றோல்ஸும் வந்தன. எங்களுக்குத் தண்ணீர் தந்தார்கள். தண்ணீரால் எழுத்து மாறாதாம்.

திட்டம் இதுதான். குடும்பத் தலைவர் வெறும் வயிற்றோடு வந்து ஒரு குழாய் இரத்தம் கொடுக்கவேண்டும். குழாய் ஏற்றுக்கொள்ளப்பட்டால் கூரைக் காசு வரும். கலத்துக்குள் கருவையும் வீட்டுக்கு மேல் கூரையையும் ஒரே திட்டத்தில் இணைத்த முதல் நிறுவனம் தாங்கள்தான் என்று பணிப்பாளர் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

எனக்குக் கிடைத்த நாள் முதல் வெள்ளி. மாதத்தின் முதல் வெள்ளி நாங்கள் பூசைக்குப் போய், சுவாமி நாவில் வைக்கிற நற்கருணை அப்பத்தை வாங்குவது வழக்கம். எங்கள் வீட்டில் இன்னும் பழைய முறைதான். நற்கருணை வாங்குவதென்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு வாயில் ஒன்றும் வைப்பதில்லை. நிலையத்தின் கடிதத்திலும் அதேதான் எழுதியிருந்தது.

"நல்லதாப் போச்சு," என்றாள் மதலேனா. "ஒரு பட்டினியில ரெண்டு வேலையையும் முடிச்சுப்போட்டு வாங்கோ. வேற நாளெண்டா அதுக்கொருக்கா வேற பட்டினி கிடக்கோணும்."

அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஆறரைப் பூசை கண்டு, நற்கருணை வாங்கி, எட்டு மணிக்கு நிலையத்தில் நின்றேன்.

இரத்தம் எடுக்கிற பிள்ளையின் பெயர் ஜெயகௌரி. கேள்வித்தாளைப் பிரதி எடுக்கக் கொண்டுபோன இடத்தில் கரண்ட் இல்லை என்றும், அதனால் இரத்தத்தை முதலில் எடுத்துவிட்டுக் கேள்வியைப் பிறகு கேட்பதாகவும் சொன்னாள். ஊசி போடும்போது என் முகம் போன போக்கைப் பார்த்துக் கதை கொடுத்தாள்.

"அண்ணை, தங்கூசி தெரியுந்தானே?"

"தூண்டில் நூல். தெரியாமலோ."

"அதை உருளையில சுத்தி வைப்பினமெல்லே. கருவுக்குள்ள உங்கட அம்மா அப்பா தந்த நூலும் அப்பிடித்தான், கணக்கில்லாத உருளையளில சுத்திக் கிடக்குது. அந்த நூலிலதான் எல்லாம் எழுதியிருக்கு. இறுக்கிச் சுத்தின இடத்தைக் கலத்தால வாசிக்கேலாது. நீங்கள் சாப்பிட்டது எரியேக்க ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். அது கருவுக்குள்ள போய் உருளையில ஒட்டினா சுருள் இளகும். இளகின இடத்தைக் கலம் வாசிக்கும்."

"சாப்பிடாட்டி?"

"ஒட்டுறதுக்குத் துண்டு காணாது. கனக்க இடத்தில சுருள் இறுகிப் போகும். பிறகு உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில இருந்து வேறொரு சாமான் வரும். அது வேற இடங்களை இளக்கும். பசிக்கெண்டு சில பக்கங்கள் இருக்குது அண்ணை. பசியிலதான் அதுகள் திறபடும்."

வயிறு காய்ந்தால் எனக்கும் எழுத்து ஓடாது என்றேன். சிரித்தாள். அதற்குள் குழாய் நிறைந்துவிட்டது. கேள்வித்தாளும் வந்துவிட்டது.

"கடைசியா வாயில வைச்சது என்ன, அண்ணை?"

"நற்கருணை."

பேனை நின்றது. "எப்ப?"

"இப்ப விடியத்தான். ஆறரைப் பூசையில."

"ஐயோ அண்ணை, அது சாப்பாடெல்லே."

"இல்லைத் தங்கச்சி. சாப்பிட்டா அதை வாங்கேலாது. அதை வாங்கத்தான் நான் சாப்பிடாம இருந்தனான்."

ஜெயகௌரி என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் சைவ சமயம் அண்ணை. எனக்கு இதில முடிவெடுக்கேலாது," என்று சொல்லிவிட்டு, குழாயைக் கையில் பிடித்தபடி என்னைப் பணிப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

பணிப்பாளரின் அறைக் கதவில் 'கரு' என்று எழுதியிருந்தது. அதன் கீழே 'அனுமதியின்றி உட்பிரவேசித்தல் ஆகாது'. தேத்தண்ணி கொண்டுவருகிறவர் மட்டும் கேட்காமலே உள்ளே போய் வந்தார். அவர் போய் வந்த பிறகுதான் உள்ளே அலுவலகக் கோவைகளின் கட்டு அவிழும் என்று வாசலில் காத்திருந்தவர்கள் சொன்னார்கள். நாங்களும் தேத்தண்ணி உள்ளே போகும்வரை காத்திருந்தோம்.

"யாகப்பர்," என்றார் கலாநிதி அமிர்தநாயகம். "நானும் அந்தப் பூசையிலதான் நிண்டனான். உமக்குப் பின்னால மூண்டாவது ஆள். நீர் நற்கருணை வாங்கினதை நான் கண்டனான்."

"ஓம் ஐயா."

"விஞ்ஞானியாச் சொன்னால் அது மாப்பொருள். கோதுமை. உடம்புக்குள்ள போனால் சீனியாகும். கத்தோலிக்கனாச் சொன்னால்..." அவர் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "கத்தோலிக்கனா நான் கதைக்கிறது கந்தோர் நேரம் முடிஞ்ச பிறகு."

பக்கத்துக் கதிரையில் நிர்வாக உத்தியோகத்தர் நுஃமான் இருந்தார். சுற்றறிக்கைகள் அவருக்கு மனப்பாடம். "சேர், எங்கட நோன்பெண்டா ஒரு பேரீச்சம்பழத்தோட முறிஞ்சிரும்," என்றார். "இது அதவிடச் சின்னன். ஆனா விதியில சின்னன் பெரிசு எண்டு ஒண்டும் இல்ல. வாயில வெச்சாரா, வெக்கலையா, அவ்வளவுதான்."

என் குழாயின் மேல் 'ஐயத்துக்குரியது' என்று ஒரு மஞ்சள் துண்டு ஒட்டினார்கள். குழாய், மருந்து, ஐஸ், கொழும்புக்குக் கொண்டுபோகும் செலவு எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம். மாதிரி கெட்டதாக முடிவானால் அது நான் கொடுக்க வேண்டிய கடன். முடிவாகும்வரையும் அது கடன்தான். கடன் உள்ளவருக்குக் கூரைக் காசு இல்லை.

"இன்னொரு நாளைக்கு வெறும் வயித்தோட வாறன் ஐயா. வேற இரத்தம் எடுங்கோவன்," என்றேன்.

"ஒரு குடும்பத் தலைவருக்கு ஒரு குழாய்தான் ஒதுக்கீடு," என்றார் பணிப்பாளர்.

"அப்ப கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுறன்."

நுஃமான் தலையசைத்தார். "கட்டலாம். ஆனா எந்தத் தலைப்பில வாங்குறது? சாப்பிட்டிருந்தா அது சேதம். சாப்பிடலையெண்டா அது முற்பணம். அது தெரியாம நான் காசக் கையால தொட ஏலாது."

ஆகவே கடனைக் கட்டவும் முடியாது, கட்டாமல் இருக்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து மதலேனாவிடம் சொன்னேன். அவள் மீனை வெட்டி முடித்துக் கழுவினாள்.

"நான்தானே ஒரு பட்டினியில முடியுங்கோ எண்டனான்," என்றாள் கடைசியில்.

"உன்னில பிழை இல்லை."

"தெரியும். பிழை இருந்திருந்தா மன்னிப்புக் கேட்டு முடிச்சிருக்கலாம்."

நற்கருணை அப்பம் தொடர்பான உபகுழு ஆவணி மாதத்தில் அமைக்கப்பட்டது. நான் அதில் சாட்சி. ஒவ்வொரு அமர்வுக்கும் ஐஸ் வேலையை விட்டுவிட்டுப் போய் வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முதலாம் அமர்வில் உபகுழுவின் பெயரைத் தீர்மானித்தார்கள். இரண்டாம் அமர்வில் பங்குச் சுவாமியை அழைத்தார்கள்.

சுவாமி வெள்ளைச் சட்டையில் மோட்டார் சைக்கிளின் புழுதி படிந்திருக்க வந்து இருந்தார்.

"சுவாமி, அர்ச்சித்த பிறகு அப்பத்தின்ர குணம் மாறுமோ?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"நிறம், ருசி, நிறை எல்லாம் அப்பிடியே இருக்கும். உள்ள இருக்கிறதுதான் மாறும்."

"அப்ப மாப்பொருள்?"

"இருக்கும்."

"சாப்பாடு எண்டு சொல்லலாமோ?"

"ஆத்துமத்துக்குச் சாப்பாடு."

நுஃமான் கூட்டக் குறிப்பில் எழுதினார்: 'ஆன்மாவுக்கு - ஆம். உடலுக்கு - தீர்மானிக்கப்படவில்லை.'

"கலத்தின்ர கருவுக்குள்ள போறது வெளித்தோற்றமோ, உள்ளடக்கமோ, சுவாமி?"

"அது உங்கட கரு. நீங்கள்தான் சொல்லோணும்." சுவாமி எழும்பும்போது என் பக்கம் திரும்பினார். "யாகப்பர், எவ்வளவு நாளா உமக்குக் கூரை இல்லை?"

"அது இண்டைய நிகழ்ச்சி நிரலில் இல்லை, சுவாமி," என்றார் பணிப்பாளர்.

மூன்றாம் அமர்வில் பரிசோதனை நடந்தது. கன்னியர் மடத்தில் அப்பம் வெட்டும்போது மிஞ்சுகிற, அர்ச்சிக்கப்படாத ஓரத் துண்டுகளை வாங்கிவந்தார்கள். உபகுழு உறுப்பினர்களே விஞ்ஞானத்துக்காக அவற்றைச் சாப்பிட்டு இரத்தம் கொடுத்தார்கள். முடிவு அடுத்த மாதம் வந்தது. எல்லோருடைய கலங்களிலும் சுருள்கள் நன்றாக இளகியிருந்தன. அப்பத்துக்கு இவ்வளவு வலு உண்டென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஜெயகௌரிதான், அன்றைக்கு அப்பத்துக்கு முன்னால் கட்லெட் பரிமாறப்பட்டதை ஞாபகப்படுத்தினாள். பரிசோதனை இரத்துச் செய்யப்பட்டது. ஆனாலும் கட்லெட் பற்றிய பகுதியை ஒரு தனிக் கட்டுரையாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று ஜெயகௌரி என்னைச் சைக்கிள் கடையடியில் மறித்தாள்.

"அண்ணை, உண்மையைச் சொன்னா அந்த அப்பம் கால் கிராமும் வராது. நீங்கள் இரத்தம் தந்த நேரத்துக்கு அதால கருவுக்குள்ள ஒண்டும் ஆகியிருக்காது."

"அப்ப அதை அவையிட்டச் சொல்லுங்கோவன், தங்கச்சி."

"சொன்னனான். அதை எழுத்தில காட்டச் சொல்லினம். காட்டுறதெண்டா உங்கட குழாயை ஆராயோணும். ஐயத்துக்குரிய குழாயை ஆராயிறதுக்கு அனுமதி இல்லை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "குழாயை வடிவா வைச்சிருக்கிறன் அண்ணை. பெட்டியில கரண்ட் போனா சந்தையில ஐஸ் வாங்கித்தான் போடுறன்."

அந்த ஐஸைச் சந்தையில் தூக்கி வைக்கிறவன் நான்தான். அதைச் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கியது. தறப்பாளில் தண்ணீர் தேங்கி வயிறு போலத் தொங்கும். ஒருவர் தடியால் கீழே இருந்து தள்ள, ஒருவர் வெளியே நின்று தண்ணீர் எங்கே விழுகிறதென்று பார்க்க வேண்டும். பின்சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. ஐந்தாம் அமர்வில் நான் வாங்கில் இருக்கும்போது மதலேனா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, சுவர் விழுந்திட்டுது."

"எந்தச் சுவர்?"

"குசினிப் பக்கம்."

"பிள்ளை?"

"பள்ளிக்கூடத்தில. எனக்கும் ஒண்டுமில்லை, நான் கிணத்தடியில நிண்டனான். பானையள்தான் போச்சு. அங்க என்ன கதைக்கினம்?"

"அப்பத்தின்ர தடிப்பைப் பற்றிக் கதைக்கினம்."

"நல்லாக் கதைக்கட்டும்," என்று வைத்துவிட்டாள்.

நான் எழும்பி நின்று உபகுழுவுக்கு விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தம் கூட்டக் குறிப்பில் சேர்க்கப்பட்டது. பணிப்பாளர் என்னைக் கருவுக்குள் கூப்பிட்டுத் தனியாக ஆறுதல் சொன்னார்.

"கவலையும் அனுசேபத்தை மாத்தும், யாகப்பர். நீர் கவலைப்படக் கூடாது. மாதிரி கெட்டுப் போகும்."

என் மாதிரி ஆடி மாதத்திலிருந்து குழாயில் இருந்தது. ஆனாலும் கவலைப்படாமல் இருக்க முயற்சி செய்வதாகச் சொன்னேன்.

மார்கழியில் நிலையத்துக்கு ஒரு கஷ்டம் வந்தது. வருடக் கணக்கை மூட வேண்டும். என் ஏழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம் தீராமல் கணக்கு மூடவில்லை. உபகுழுவோ ஆன்மாவையும் உடலையும் தாண்டி நகரவில்லை. நுஃமான் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கருவுக்குள் பணிப்பாளரும் ஜெயகௌரியும் இருந்தார்கள்.

"வாங்க யாகப்பர், இருங்க," என்றார் நுஃமான். நிலையத்தில் கதிரை கிடைத்தது அன்றைக்குத்தான். "உங்கட கடனக் கணக்கில இருந்து பதிவழிக்கிறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டன். கடனாளி மௌத்தாப் போனா பதிவழிக்கலாம். வேற வழி இல்ல. உங்களுக்கு அப்பிடி ஏதும் யோசனை இருக்கா?"

"இப்ப இல்லை, ஐயா. கூரை போடோணும்."

"அதுதான் நானும் சேருக்கிட்டச் சொன்னன். நல்ல தேகம், இப்பத்துக்கு நடக்காது எண்டு."

மூவரும் யோசித்தார்கள். தேத்தண்ணி வந்தது. பணிப்பாளர் ஒரு மிடறு குடித்தார். அவர் முகம் இளகத் தொடங்கியது.

"கடனாளி ஆர்?" என்றார். "யாகப்பர் தான் சாப்பிடவில்லை எண்டு சொல்லுறார். நாங்கள் சாப்பாடு போயிருக்கு எண்டு சொல்லுறம். ரெண்டும் சரி. சாப்பிட்டது யாகப்பர் இல்லை. அவருடைய கலங்கள். அண்டைக்குக் குழாய்க்கு வந்த, கரு உள்ள கலங்கள் எவை, பிள்ளை?"

"வெள்ளை அணுக்கள், சேர். சிவப்புக்குக் கரு இல்லை."

"அவை எவ்வளவு காலம் இருக்கும்?"

"கனக்க ஒரு கிழமையும் தாங்காது, சேர்."

பணிப்பாளர் கோப்பையை வைத்தார். "அப்ப கடனாளி எப்பவோ இறந்துபோனார்."

நுஃமான் எழும்பிக் கையைக் கொடுத்தார். எனக்குத்தான் கொடுத்தார். அனுதாபமா வாழ்த்தா என்று தெரியாமல் நானும் பிடித்துக்கொண்டேன். பதிவழிப்பதற்குக் கிராம அலுவலரான விதானையாரிடமிருந்து ஒரு மரண உறுதிப்படுத்தல் மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

விதானையார் நல்ல மனிதர். முன்னால் வரிசை நீளம். என் முறை வந்தது.

"ஆர் மோசம் போனது? செத்தவரின்ர பேர்?"

"என்ர வெள்ளை அணுக்கள், ஐயா." நிலையத்தின் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது.

"எங்க வசிச்சதுகள்?"

"என்ர உடம்புக்க."

"நிரந்தர வதிவோ?"

"ஒரு கிழமையும் இருக்காதுகளாம்."

"அப்ப தற்காலிகம்." எழுதினார். "இந்தியாவில இருந்து திரும்பி வந்ததுகளோ?"

"இல்லை ஐயா. நான் இங்க வந்த பிறகு பிறந்ததுகள்."

அவருடைய முகம் தெளிந்தது. "அதைச் சொல்லுமன் முதல்ல. இந்தியாவில பிறந்ததெண்டாத்தான் கரைச்சல். இங்க பிறந்ததுக்கு இப்பவே தரலாம்."

டினோஜா முகாமில் பிறந்தவள். அவளுடைய பிறப்புப் பத்திரத்துக்கும் குடியுரிமைக்கும் நாங்கள் திரும்பி வந்த கிழமையிலிருந்து இதே வரிசையில் நிற்கிறோம். என் அணுக்களுக்கு மத்தியானத்துக்கு முன்னே கிடைத்துவிட்டது.

பத்திரத்தோடு நிலையத்துக்குப் போனேன். நுஃமான் பேனையைத் திறந்த நேரத்தில் ஜெயகௌரி, பொய் எழுதக் கூடாதென்ற நினைப்பில், "சேர், எல்லாமே செத்திருக்காது. சில வெள்ளை அணுக்கள் வருசக்கணக்கா உயிரோட இருக்கும்," என்றாள்.

பணிப்பாளர் கண்ணை மூடினார்.

"நல்லதுதான்," என்றார் நுஃமான். "சேருக்குப் பதிவழிக்க அதிகாரம் ஏழாயிரத்து முந்நூறு மட்டும். மிச்சம் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதத்த என்ன செய்யிற எண்டு ராவு பகலா யோசிச்சன். உயிரோட இருக்கிறதுகள் அதக் கட்டட்டும்."

உயிரோடு இருந்த அணுக்களின் சார்பில் நான் பையில் கை விட்டேன். பத்து ரூபாத் தாள் ஒன்று, இரண்டு ரூபாக் குற்றி ஒன்று, ஒரு ரூபாக் குற்றி ஒன்று இருந்தன. ஐம்பது சதக் குற்றி என்னிடமும் இல்லை, நிலையத்திலும் இல்லை, சைக்கிள் கடையிலும் இல்லை. பதின்மூன்று ரூபாவை வாங்கிக்கொண்டு, ஐம்பது சதம் எனக்குத் தரவேண்டியிருப்பதாகப் பற்றுச்சீட்டில் எழுதினார்.

கூரைக் காசு தைப்பொங்கல் கழிந்து வந்தது. கூரைச் சீற் வாங்கிப் போட்டோம். மழை ஒரு அறையைக் குறைத்திருந்ததால் சீற் மிஞ்சியது. மிஞ்சியதைக் கிணற்றடியில் நான்கு தடி நட்டு மேலே போட்டோம். வெயில் நேரத்தில் கழுதைகள் வந்து அதன் கீழ் நிற்கின்றன.

பங்குனியில் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. 'தங்களுக்குச் செலுத்தப்பட வேண்டிய நிலுவை சதம் ஐம்பதைப் பெற்றுக்கொள்ள, வெறும் வயிற்றுடன் நேரில் சமுகமளிக்கவும்.' நிலையத்தின் எல்லாக் கடிதத்திலும் வெறும் வயிறு அச்சிலேயே இருக்கிறது. நான் போகவில்லை. வைகாசியில் நினைவூட்டல் வந்தது. என்னுடைய ஐம்பது சதத்தால் கடந்த வருடக் கணக்கை மூட முடியாமல் இருப்பதாகவும், நான் விரும்பினால் எழுத்து மூலம் அதைப் பதிவழிக்கலாம் என்றும், காரணம் குறிப்பிட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

"எழுதுறதெண்டாச் சாப்பிட்டிட்டு எழுதுங்கோ," என்றாள் மதலேனா. புட்டும் மீன் குழம்பும் வைத்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவினேன். இந்த முறை கடனாளி நிலையம்தான். டினோஜாவின் பேனையை வாங்கி, கடிதத்தின் கீழே காரணம் கேட்ட இடத்தில் எழுதினேன்.

'கடனாளி நலமாக இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். தெரிந்துகொண்டே பதிவழிக்கிறேன். - யாகப்பர்.'